செஞ்சோற்றுக்கடனும் மக்கட் பிரதிநிதியும்

ஒலுவிலில் ஒரு நாள் வகுப்பில் கர்ணனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். துரியோதனன் பக்கம் நீதி இல்லையென அறிந்தும், தன்னை அங்கநாட்டுக்கு அரசனாக்கியவனை அவன் கைவிடவில்லை என்றேன். பாடம் முடியுந் தறுவாயில் மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், தேர்தலுக்குக் காசு கொடுத்தவருக்கு வென்றவர் உதவி செய்வதும் செஞ்சோற்றுக்கடன்தானே? அதை மட்டும் ஏன் ஊழல் என்கிறோம்?" வகுப்புச் சிரித்தது; எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நன்றியறிதல் நற்பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் கைம்மாறு செய்பவன் தன் பொருளைக் கொண்டே செய்தல் வேண்டும். பிரதிநிதியின் கையிலுள்ள அதிகாரத்தில் அவனுடையது எது? ஒப்பந்தம், அனுமதிப்பத்திரம், அரச காணி, அரச வேலை யாவும் மக்களுடையவை. கர்ணன் தன் உயிரைக் கொடுத்துக் கடன் தீர்த்தான். நம் பிரதிநிதியோ பிறர் உடைமையைக் கொடுத்துத் தீர்க்கின்றான். வேறுபாடு இதுவே.

இக்கடன் வாக்களிப்பு நாளுக்கு மிக முன்னரே தொடங்கிவிடுகிறது. எங்கள் திகாமடுல்ல மாவட்டம் பாராளுமன்றத்துக்கு 7 உறுப்பினரைத் தெரிகிறது. 2024இல் ஒவ்வொரு கட்சியும் 10 பேரைக் கொண்ட பட்டியலை முன்வைத்தது. அப்பட்டியலில் இடம்பெற மக்களின் சம்மதம் வேண்டியதில்லை. கட்சிச் செயலாளரின் கையொப்பம் வேண்டும். முதற்கடன் தலைமைக்கு. பட்டியலில் இடம்பெற்றபின் வேட்பாளர் விருப்பு வாக்குக்காகத் தம் கட்சிக்காரரோடேயே போட்டியிட வேண்டும். பொத்துவில் முதல் மகாஓயா வரை அலைய வேண்டும். வாகனமும் சுவரொட்டியும் சாப்பாடும் யார் செலவு? இரண்டாவது கடன் பணம் படைத்தவருக்கு. உழவனும் மீனவனும் ஆசிரியனும் வாக்களிக்கச் செல்லும்போது தெரிவின் பாதி முடிந்துவிட்டது.

இதனை மாற்ற 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என வரம்பு வகுக்கப்பட்டது. ஒரு வேட்பாளருக்கு அது 186 கோடி ரூபாவுக்கு மேலாயிற்று. தேர்தல் முடிவு வந்து 21 நாட்களுள் கணக்குக் காட்டவும் வேண்டும். வரவேற்கத்தக்கதே. எனினும் வரம்பே இவ்வளவு உயர்ந்திருக்கையில் அப்பணத்தை ஏழைகளிடமிருந்து திரட்டியவர் எத்தனை பேர்?

வேட்பாளரை மக்களே தெரிந்தால் போதாதா எனலாம். ஐக்கிய அமெரிக்கா அதனைச் செய்து பார்த்தது. 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி முதனிலைத் தேர்தல் எதிலும் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரானார். எழுந்த எதிர்ப்பினால் 1972 முதல் வாக்காளரே பெரும்பாலும் வேட்பாளரைத் தீர்மானித்தனர். ஆயின் ஐம்பது மாநிலங்களில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். 2010இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் நிறுவனங்கள் செய்யும் தேர்தற் செலவுக்கு வரம்பிட முடியாதெனத் தீர்த்தது. 2024இல் எலான் மஸ்க் என்னும் தனியொருவர் டொனால்ட் டிரம்பின் வெற்றிக்காக 25 கோடி டொலருக்கு மேல் செலவிட்டார். அடுத்த ஆண்டே அரச செலவுக் குறைப்புப் பணியில் முன்னிடம் பெற்றார். மூடிய கதவைத் திறந்தார்கள். திறந்த கதவில் பணம் காவலிருந்தது.

ஆகவே கதவும் பணமும் ஒருங்கே மக்கள் வசமாதல் வேண்டும். பட்டியல் தயாராகும் முன்பே "யார், ஏன்?" என்று கட்சிகளைக் கேட்போம். காட்டப்படும் கணக்கை வாசிக்கப் பழகுவோம். நமக்காக உழைப்பவருக்கு நூறு ரூபாவேனும் நாமே கொடுப்போம். கொடாதவர் கடன் கேட்க முடியாது.

மறுநாள் அம்மாணவனிடம் சொன்னேன்: "தம்பி, பிரதிநிதி நன்றி மறக்க வேண்டியதில்லை. அவன் யாருடைய சோற்றைத் தின்றான் என்பதே கேள்வி. அது ஊர்ச் சோறாக இருந்தால் செஞ்சோற்றுக்கடன் அறமாகிவிடும்."