தேய்ந்தாலும் பாடட்டும்

கேட்கக் கேட்கத் தேய்கிற பொருள் இசைத்தட்டு. எல்.பி. ஒன்றின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடுகிறது என்றால், தட்டு 600 முறைக்கு மேல் சுற்றுகிறது. அதற்குள் ஊசிமுனை ஏறக்குறைய 400 மீட்டர் தூரம் பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் உரசிக்கொண்டே போய்விடுகிறது. ஒரு சுவரில் இடப்பக்க ஸ்பீக்கருக்கான ஒலி, எதிர்ச் சுவரில் வலப்பக்கத்துக்கானது. ஊசியின் மேல் இருக்கும் எடை ஒன்றரை, இரண்டு கிராம்தான். ஆனால் அந்த எடை முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முனை தாங்குவதால் அழுத்தம் மிக அதிகம். பாட்டைத் தருவதும் அந்த உரசல்தான், தட்டைத் தேய்ப்பதும் அதுதான்.

நல்ல கருவியில், தூசு துடைத்து, எடையைச் சரியாக வைத்துப் போட்டால் நூற்றுக்கணக்கான முறை கேட்ட பிறகும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனாலும் தேய்மானம் உண்டு. அதனால் தட்டு சேர்க்கிற எவனுக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: அருமையான தட்டு கையில் கிடைத்தால், அதைப் பாடவிடுவதா, பத்திரப்படுத்தி வைப்பதா?

விற்கிற இடத்தில் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதிச் சந்தை கூடும்போது போய்ப் பாருங்கள். அதே பாட்டு, அதே ஆண்டு, அதே கம்பெனி. ஆனால் பிளாஸ்டிக் உறை பிரிக்காத தட்டுக்கு ஒரு விலை, பாடிய தட்டுக்கு வேறு விலை. யாரும் கேட்டிராத தட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். வாங்குகிறவரும் அதைப் பிரிப்பதில்லை. பிரித்த நிமிடத்தில் விலை இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். பாடுவதற்கென்று செய்த ஒன்று ஒரு தடவைகூடப் பாடாமல் நாலு கை மாறுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

நான் இருப்பது கோலா தெர்லாவில். பிரிஞ்சாங்கைத் தாண்டி, திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். ஒரு பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். மேலே கம்போங் ராஜாவைத் தாண்டினால் புளூவேலி தேயிலைத் தோட்டம். கேமரன் மலைக் குளிரை ரசிக்க வருகிறவர்களுக்கு இங்குள்ள ஈரம் இரண்டு நாள் விஷயம். இங்கேயே இருப்பவர்களுக்கு அது வீட்டுக்குள் குடியிருக்கும் ஆள். சட்டைப் பெட்டி, செருப்பு, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் அட்டை என்று எல்லாவற்றிலும் பூஞ்சை ஏறும். இசைத்தட்டு மட்டும் தப்புமா?

பூஞ்சை பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை. அட்டை உறையின் காகிதத்தையும் பசையையும்தான் அது முதலில் பிடிக்கும். பிறகு தட்டின் மேல் விரல் பட்ட இடத்தில் இருக்கும் எண்ணெய்ப்பசை, படிந்த தூசு. மூடியே வைத்த தட்டை வெளியே எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வட்டம் வட்டமாக, நடுவில் அடர்ந்து ஓரத்தில் இழையாகப் பிரிந்து தெரியும். அந்த இழை பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் எவ்வளவு கழுவினாலும் ஒரு சரசரப்பு தங்கிவிடுகிறது. அடிக்கடி போடுகிற தட்டில் இது வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் வெளியே எடுக்கிறோம், துடைக்கிறோம், காற்றுப் படுகிறது. எங்கள் ஊரில் பாடாத தட்டு பத்திரமாக இருப்பதே இல்லை. பாடினால் தேயும், பாடாவிட்டால் பூக்கும்.

தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டில்தான் இது எனக்கு உறைத்தது. அவரிடம் இருந்தது ஒரு மரப்பெட்டி நிறைய தட்டு. மேலாக இருந்தவை பளபளவென்று புதிதாக இருந்தன. அடியில் இருந்த சிலவற்றின் கறுப்பு சாம்பல் நிறமாக மங்கியிருந்தது; நடுத்துளையைச் சுற்றி லேபிளே கிழிந்திருந்தது. “ஐயா, இந்தப் புதுத் தட்டெல்லாம் எப்படி இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். “அது ஓடாத படம் தம்பி. யாரும் போடச் சொல்லிக் கேக்கல. கேட்டதெல்லாம் கீழ இருக்கு பாரு” என்றார்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பழைய தமிழ்த் தட்டு எங்கே பார்த்தாலும் அதே கணக்குத்தான் தெரிகிறது. சுத்தமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை யாரும் விரும்பாதவை. ஊரே விரும்பிய பாட்டின் தட்டு கல்யாண வீட்டிலும், கோயில் திருவிழாவிலும், தீபாவளிக் காலையிலும் ஓடி ஓடித் தேய்ந்துதான் வரும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது. அதன் உரிமைத் தொகையை அவர் திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்துவிட்டார். அந்தத் தட்டை நான் பார்த்த வீடுகளில் எல்லாம் முதல் பக்கத்தின் தொடக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. விடியற்காலையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிய வீடுகள் அவை. அந்தத் தேய்மானத்தைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பழைய 78 வேகத் தட்டுகளில் தேய்மானம் என்பது ஏற்பாட்டிலேயே இருந்தது. அவை அரக்கால் ஆனவை. மரக்கிளையில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்துக்கு அதை அதிகமாகக் கொடுத்தது இந்தியா. அரக்கோடு நைசாக அரைத்த கல்பொடியையும் சேர்ப்பார்கள். புது எஃகு ஊசியை வைத்தவுடன் தட்டின் தொடக்கச் சுற்றுகள் அந்த ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கம்பெனிகள் சொன்ன முறை. நம் ஊர்களில் யார் அப்படி மாற்றினார்கள்? ஒரே ஊசி திருவிழா முழுக்க ஓடும். தேய்ந்த ஊசி தட்டைச் சீவும். கே.பி. சுந்தராம்பாளும் எம்.கே. தியாகராஜ பாகவதரும் இன்று இரைச்சலுக்கு நடுவில் கேட்பதற்குக் காரணம் பதிவு செய்தவர்கள் மட்டும் இல்லை, அவர்களை அவ்வளவு நேசித்த ஊர்களும்தான்.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி வினைல் எல்.பி.யைக் கொண்டுவந்தது. இரைச்சல் குறைந்தது, நேரம் கூடியது. அதன்பின் ஒலியை மட்டுமே தேடிப் போகிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க உருவானது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஊசியை வைத்த பிறகு, பாட்டு வருவதற்கு முந்தைய இரண்டு நொடி மௌனம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று கவனிக்கிறவன். இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’ தட்டில் வி.எஸ். நரசிம்மனின் வயலின், வில் கம்பியில் பட்ட இடத்திலிருந்தே எழுந்து வருவதைக் கேட்பதற்காக ஸ்பீக்கரைச் சாண் அளவு முன்னும் பின்னும் நகர்த்துகிறவன். இந்த நுணுக்கத்தை வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கலைஞன் விரலில் கொடுத்த அழுத்தம்வரை நமக்கு வந்து சேர்கிறது என்றால், அது பெரிய விஷயம்.

ஆனால் இந்தத் தேடல் எங்கே திசை மாறுகிறது என்பதை 2022-இல் நடந்த ஒன்று நன்றாகக் காட்டியது. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் ஒலிப் பிரியர்களுக்கென்றே உயர்ந்த விலையில் தட்டு வெளியிடுகிறது. மூல நாடாவிலிருந்து நேரே வெட்டிய தட்டு, நடுவில் டிஜிட்டல் எதுவும் இல்லை என்று வாங்கியவர்கள் நம்பியிருந்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ தொகுப்பை 40,000 பிரதிகள், ஒன்று 100 டாலர் என்று அறிவித்தபோது, அரிசோனாவில் தட்டுக் கடை நடத்துகிற ஒருவர் கேள்வி எழுப்பினார். அத்தனை தட்டு அச்சடிக்கப் பழைய நாடாவை எத்தனை முறை ஓட்ட வேண்டியிருக்கும்? நாடா தாங்குமா? கடைசியில் நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள்: 2011 முதலே அவர்களுடைய பல தட்டுகளில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், நிறுவனம் பணம் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

சொல்லாமல் மறைத்தது தவறு, அதில் இரண்டு பேச்சில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பத்து ஆண்டுக்கு மேலாக உலகத்திலேயே கூர்மையான காதுகள் என்று பெயர் வாங்கியவர்கள் அந்தத் தட்டுகளைக் கேட்டார்கள், புகழ்ந்தார்கள், டிஜிட்டல் வாடையே இல்லை என்று எழுதினார்கள். ஒருவர் காதும் கண்டுபிடிக்கவில்லை. உண்மை தெரிந்த மறுநாள் அதே தட்டு அவர்களில் பலருக்கு ருசிக்காமல் போனது. தட்டில் ஒரு பள்ளமும் மாறவில்லை, பெட்டியின் மேல் எழுதியிருந்த நம்பிக்கை போய்விட்டது. அப்படியென்றால் அத்தனை நாள் அனுபவித்தது எதை? பாட்டையா, தன்னிடம் மட்டும் இருக்கிறது என்ற நினைப்பையா? இதைத் தட்டு சேர்க்கிற ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த பதில், பிரிக்காத தட்டை வீட்டில் வைத்திருக்க இனி எனக்கு உரிமை இல்லை என்பது.

நம் வீடுகளில் இந்தச் சுபாவம் புதிதல்ல. கல்யாணப் பட்டுச் சேலையை நாள் கிழமைக்கு என்று டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்து, ஆண்டுகள் கழித்துப் பிரித்தால் மடிப்பில் ஜரிகை முறிந்து, பட்டு இற்றுப் போயிருக்கும். கட்டிக் கிழிந்திருந்தால்கூட நாலு பேர் பார்த்திருப்பார்கள். நல்லதை நல்ல நாளுக்கு என்று ஒதுக்கி வைத்தே பழகிவிட்டோம். வறுமையிலிருந்து எழுந்துவந்த தோட்டத்துக் குடும்பங்களில் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. இன்று அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இந்த இடத்தில் ஒலிக்கருவி நுட்பம் நமக்குச் செய்திருக்கும் ஓர் உபகாரத்தைச் சொல்லியாக வேண்டும். 1970-களில் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் நாலு ஸ்பீக்கர்களுக்கான தட்டுகளைக் கொண்டுவந்தது. அதில் மிக நுண்ணிய அலைகளைப் படிக்க அங்கிருந்த நோரியோ ஷிபாட்டா ஒரு புது ஊசிமுனையை வடிவமைத்தார். சாதாரண ஊசியின் முனை உருண்டை. பள்ளத்தின் சுவரை ஒரு புள்ளியில்தான் தொடும். ஷிபாட்டாவின் முனை சுவரின் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடாகத் தொடும். நாலு ஸ்பீக்கர் தட்டு சந்தையில் நிலைக்கவில்லை, முனை நிலைத்துவிட்டது. அதன் பயன் இதுதான்: பழைய உருண்டை ஊசி எந்த இடத்தை உரசித் தேய்த்ததோ, அதற்கு மேலும் கீழும் சுவரில் யாரும் தொடாத பகுதி இருக்கிறது. புது முனை அந்தப் பகுதியைப் படிக்கிறது. கைப்பெட்டி பிளேயரில் ஐந்தாறு கிராம் எடையில் சீவப்பட்ட ஒரு தட்டிலிருந்து, நாற்பது ஆண்டு கழித்துத் தெளிவான குரல் எழுந்து வருகிறது. எல்லாத் தட்டிலும் இது நடக்காது. அடியோடு சீவியதை எந்த முனையும் மீட்காது. ஆனால் நடக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

பெரியவர் பெட்டியின் அடியில் இருந்த ஒரு சாம்பல் நிற இ.பி. தட்டை வாங்கி வந்து நன்றாகக் கழுவி, இப்படிப்பட்ட ஓர் ஊசியில் போட்டேன். டி.எம். சௌந்தரராஜனின் குரலில் மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. தபேலா முழுசாக இருந்தது. அதை அவரையே கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். பாட்டு முடிந்ததும் மறுபக்கத்தைப் போடச் சொன்னார், அவ்வளவுதான். விலை உயர்ந்த கருவிக்கு இதைவிட நல்ல வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி உடைகிற ஓசையையும், இரும்புச் சங்கிலி விழுகிற ஓசையையும் போட்டுக் காட்டி வந்தவரை வியக்க வைப்பதற்குச் செலவு செய்த பணம், நம் தேய்ந்த தட்டுகளின் பக்கம் திரும்பட்டும்.

விதிவிலக்கு உண்டு. ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்த 78 வேகத் தட்டை ஆசைக்குப் போட்டுக் கேட்கக் கூடாது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் பல்லாயிரம் தட்டுகளைத் தேடிச் சேர்த்திருக்காவிட்டால், தமிழ், தெலுங்குப் பாட்டு வரலாற்றில் பல பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. அப்படிப்பட்ட தட்டை அதற்குரிய ஊசியில் ஒரு முறை நன்றாகப் பதிவு செய்து, பதிவைப் பலருக்குக் கேட்கக் கொடுத்து, தட்டை ஓய்வெடுக்க விடுவதுதான் முறை. அங்கேயும் பாட்டு வெளியே வந்துவிடுகிறது, கவனியுங்கள். பூட்டி வைப்பதும் காப்பாற்றுவதும் ஒன்றல்ல.

2022-இல் அமெரிக்காவில் 4 கோடிக்கு மேல் இசைத்தட்டு விற்றது. 1987-க்குப் பிறகு முதல் முறையாக எண்ணிக்கையில் சி.டி.யைத் தாண்டியது. புதுத் தட்டு இனி கிடைத்துக்கொண்டே இருக்கும். கிடைக்காமல் போகப்போவது தோட்டத்து வீடுகளின் பரணிலும், லயத்துப் பழைய அலமாரியிலும், கட்டிலுக்கடியிலும் கிடக்கிற தமிழ்த் தட்டுகள். பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போன பிறகு, வீடு மாறும்போது அவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஈர வாடை அடிக்கும் உறைகளைத் தனியே பிரித்துவிடுங்கள். வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு, பள்ளம் போகிற வாக்கிலேயே துடையுங்கள். கனமான, கீழே விழுந்தால் உடைகிற 78 வேகத் தட்டாக இருந்தால் ஆல்கஹால் கலந்த எதையும் தொடவிடாதீர்கள். அரக்கு கரைந்து பாட்டு அதோடு போய்விடும். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் எந்தத் தட்டு முதலில் வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். கருவி இல்லையென்றால் இருப்பவர் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கோலா தெர்லா பக்கம் வந்தால் எங்கள் வீட்டிலும் போடலாம்.