மதிலின்மேல் நின்ற ஸ்திரீ

 

இம்மாதம் நான் எழுதப்போவது வழக்கமான செய்தி அல்ல. ஆறுதல் செய்தி வேணும், ஆசீர்வாத வாக்குத்தத்தம் வேணும் என்று கேட்பீர்கள். ஆனாலும் சில வருஷங்களாக என் இருதயத்தில் ஒரு பாரம் இருக்கிறது. குண்டு வைக்கிறவர்களும் வெறிகொண்ட கூட்டங்களும் ஒவ்வொரு தேசத்திலும் எழும்புகிறார்கள். அவர்களுக்கு உலக நாடுகள் என்ன பதில் செய்ய வேண்டும்? தேவனுடைய பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்? இதைப்பற்றிக் கர்த்தர் முதலாவது என்னோடுதான் இடைப்பட்டார். ஆகையால் என் தப்பிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஈஸ்டர் ஞாயிறு

2019 ஏப்ரல் 21. உயிர்த்தெழுந்த ஞாயிறு. நம்முடைய சபையில் ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஒரு தம்பி செல்போனைப் பார்த்துவிட்டு, "பாஸ்டர், இலங்கையில சர்ச்சுக்குள்ள குண்டு வெடிச்சிருக்காம்" என்றான். இலை போட்டது போட்டபடியே கிடந்தது.

அன்றைக்கு மூன்று ஆலயங்களும் மூன்று பெரிய ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பு சீயோன் சபை நம்மைப்போலவே தமிழில் கைதட்டிப் பாடுகிற சபை. ஓய்வுநாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே நின்றிருந்தார்கள். முதுகில் பையோடு வந்தவனைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, ஒரு சகோதரன் அவனை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினார். அவன் அங்கேயே வெடித்தான். அந்தச் சகோதரன் மரித்தார். பிள்ளைகள் பலர் மரித்தார்கள். உள்ளே இருந்த பெருங்கூட்டம் தப்பியது.

அடுத்த வாரம் எங்கள் தெரு முனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற பாய் சபை வாசலுக்கு வந்தார். எங்கள் சபைக் கூரைக்குத் தகடு போட்டவர் அவர். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே போகவில்லை. கேட் பூட்டியிருந்தது, பூட்டியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு ஒரு சின்ன ஆணி வேலைக்குக்கூட அவர் பட்டறைக்கு நான் போகவில்லை. எதிரே வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். இதைப் பரிசுத்தத்திற்கேற்ற வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து வருஷம்!

நம்ம ஊர்ப் பேர் அடிபட்ட நாள்

2024 மார்ச் 1-ந்தேதி பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் சாகவில்லை, பலர் காயப்பட்டார்கள். அந்த மாதமே ஒரு மத்திய இணை அமைச்சர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான் குண்டு வைத்தார்கள் என்று பேசினார். எதிர்ப்பு வந்தவுடனே மன்னிப்புக் கேட்டு, கிருஷ்ணகிரிக் காட்டில் பயிற்சி எடுத்தவர்களையே தாம் சொன்னதாக விளக்கம் கொடுத்தார். கிருஷ்ணகிரிக் காடு! நம்ம காடு, பிரியமானவர்களே. யானைக்குப் பயந்து ராகிக் கொல்லைக்குக் காவல் கிடக்கிற நம்ம ஜனங்களின் காடு.

அந்த வாரம் நம்முடைய சபைச் சகோதரன் ஒருவர் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் விம்மி அழுதார். தினமும் அத்திப்பள்ளி தாண்டிக் கம்பெனி பஸ்சில் வேலைக்குப் போகிறவர். "பன்னெண்டு வருஷமா ஒரே டிபன் பாக்ஸ்ல பங்கு போட்டுச் சாப்பிட்டவன், 'உங்க ஊர்க் காட்டுலதான் டிரெய்னிங்காமே'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான் பாஸ்டர். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். ஆனா யாரும் அவனைத் தடுக்கல" என்றார்.

ஏப்ரல் 12 அன்று தேசியப் புலனாய்வு முகமை தேடிவந்த இரண்டு பேரை மேற்கு வங்காளத்தில் பிடித்தது. இருவரும் கர்நாடகாவிலேயே ஷிவமொக்கா மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். சரி, அதற்காக ஷிவமொக்காவைக் குற்றம் சொல்லலாமா? அதுவும் கூடாதே!

அந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. "மகனே, ஒரு வாரம் உன் ஊர்ப் பேரைச் சொன்னதற்கே இவ்வளவு வலிக்கிறதே, ஐந்து வருஷம் நீ அந்த மனுஷனுக்கு என்ன செய்தாய்?" என்று ஆவியானவர் என்னைக் கேட்டார். விடிந்ததும் பட்டறைக்குப் போனேன். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அன்னைக்கு துக்கம் கேக்கத்தான் வந்தேன் பாஸ்டரய்யா. கேட் பூட்டியிருந்துச்சு. அந்தக் கேட்டும் நான் செஞ்சதுதான்."

ஆபேல் பட்டணம்

திரும்பி வந்து வேதத்தைத் திறந்தேன். 2 சாமுவேல் 20-ம் அதிகாரத்தில் கர்த்தர் என்னை நிறுத்தினார். நீங்களும் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

பிக்கிரியின் குமாரனாகிய சேபா தாவீது ராஜாவுக்கு விரோதமாகக் கலகம் பண்ணி, ஆபேல் என்னும் பட்டணத்துக்குள் புகுந்துகொண்டான். யோவாப் சேனையோடு வந்து முற்றிக்கைபோட்டு மதிலை இடிக்கத் தொடங்கினான். அப்போது புத்தியுள்ள ஒரு ஸ்திரீ மதிலின்மேல் நின்று அவனைக் கூப்பிட்டாள். இஸ்ரவேலில் தாய் போன்ற பட்டணத்தை ஏன் விழுங்கப் பார்க்கிறீர் என்று கேட்டாள். யோவாப் பதறிப்போனான். அது என் எண்ணமே அல்ல, ஒரே ஒரு மனுஷன்தான் எனக்கு வேண்டும் என்று பேர் சொல்லிக் கேட்டான். அவள் போய் ஜனங்களிடத்தில் பேசினாள். அந்த ஒருவன் முடிந்தான். எக்காளம் ஊதப்பட்டது. சேனை வீட்டுக்குத் திரும்பியது. ஒரு பட்டணம் பிழைத்தது. அல்லேலூயா!

கவனியுங்கள். யோவாப், "போகட்டும்" என்று முற்றிக்கையை எடுத்துவிடவில்லை. குற்றவாளி கையில் கிடைக்கும்வரை அங்கேயே நின்றான். ஆனால் குற்றவாளியின் பேரை அறிந்திருந்தான், மதிலின்மேல் கேட்ட சத்தத்துக்கும் செவிகொடுத்தான். உலக நாடுகள் படிக்க வேண்டிய பாடம் இதில் முழுவதும் இருக்கிறது.

எக்காளச் சத்தம் கேட்டும் எழும்பாதவர்கள்

முதலாவது, எச்சரிப்புக்குச் செவிகொடுக்க வேண்டும். எசேக்கியேல் 33-ல் காவற்காரனைப்பற்றி வாசிக்கிறோம். பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடத்தில் தேவன் இரத்தப்பழி கேட்பார். இலங்கை விஷயத்தில் எக்காளம் ஊதப்பட்டது. ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை எச்சரிப்பு அனுப்பியது. அங்கே ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிரதமர் பாதுகாப்புக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை. காகிதம் மேசைக்கு மேசை போயிற்று, ஆலய வாசலுக்கு மட்டும் வந்து சேரவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேன தம் கையிலிருந்தே 10 கோடி ரூபாய் நஷ்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரத்தப்பழி வாசலில் படுத்திருக்கும், பிரியமானவர்களே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாக்குதலுக்குத் தலைவனாயிருந்த சஹ்ரான், மட்டக்களப்புக்குப் பக்கத்திலுள்ள காத்தான்குடியைச் சேர்ந்தவன். அவன் பேசுவது விஷம் என்று பல வருஷங்களுக்கு முன்னமே அதிகாரிகளிடம் புகார் சொன்னவர்கள் யார்? இஸ்லாமியர்களே. குண்டுவெடிப்புக்கு ஐந்தாம் நாள் சாய்ந்தமருது என்ற ஊரில் அவனுடைய கூட்டத்தார் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார்? அந்த ஊர் முஸ்லிம் ஜனங்களே. மதிலின்மேல் நின்ற ஸ்திரீ அங்கேயும் நின்றாள். ஆனால் மே மாதத்தில் ஒரு கூட்டம் புறப்பட்டு, குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் ஒன்றும் அறியாத முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கியது. நாளைக்கு இன்னொரு சஹ்ரான் எழும்பினால், யார் நம்பி வந்து சொல்லுவார்கள்? சொல்லுங்க பார்க்கலாம்!

பணப்பையும் ஒளிப்பிடமும்

இரண்டாவது, வெறியர்களின் பணப்பையையும் ஒளிப்பிடத்தையும் தேசங்கள் ஒருமனமாய் அடைக்க வேண்டும். 2001 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 1373 என்ற தீர்மானத்தில் இதைத்தான் எல்லா நாடுகளுக்கும் கட்டளையிட்டது. பணம் கொடுக்காதே, இடம் கொடுக்காதே, அறிந்த செய்தியை அண்டை நாட்டுக்குச் சொல். நல்ல கட்டளை. ஆனால் பயங்கரவாதத்துக்கு எதிராக ஒரு முழுமையான சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என்று இந்தியா 1996-ல் ஐ.நா.வில் வைத்த வரைவு இன்றுவரை நிறைவேறவில்லை. பயங்கரவாதி என்றால் யார் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. என் எதிரியை அடித்தால் போராளி, என்னை அடித்தால் பயங்கரவாதி! பாபேல் கோபுரத்தில் ஒருவன் பேசினது ஒருவனுக்கு விளங்கவில்லையே, அதே கதைதான்.

நாமும் நம்மை நிதானித்துப் பார்ப்போம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும் அவரோடு பலரையும் கொன்ற சதியில் இருந்தவர்கள் நம் பாஷை பேசினவர்கள். தேடப்பட்ட சிவராசன் ஆகஸ்டில் பெங்களூர் கோணனகுண்டேயில்தான் ஒளிந்திருந்து மாண்டான், ஓசூரிலிருந்து எவ்வளவு தூரம்? அதற்காகத் தமிழர் எல்லாரும் கொலைகாரர் என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா? நமக்கு ஒரு படிக்கல், அடுத்தவனுக்கு ஒரு படிக்கல் வைத்திருப்பது கர்த்தருக்கு அருவருப்பு.

பட்டயமும் நியாயமும்

மூன்றாவது, பட்டயம் வேண்டும், அது நியாயத்தின் கையில் இருக்க வேண்டும். "கிறிஸ்தவன் கன்னத்தைக் காட்ட வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கலாம். என் கன்னத்தை நான் காட்டலாம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையின் கன்னத்தைக் காட்ட எனக்கு அதிகாரமில்லை. தீமை செய்கிறவனைத் தண்டிக்கவே தேவன் அதிகாரிக்குப் பட்டயம் கொடுத்திருக்கிறார் என்று ரோமர் 13-ல் படிக்கிறோம்.

ஈராக்கைப் பாருங்கள். 2014 ஜூனில் ஐ.எஸ். கூட்டம் மோசூல் பட்டணத்தைப் பிடித்தது. நம் கிறிஸ்தவ சகோதரரின் வீட்டுச் சுவர்களில் அரபி எழுத்தில் அடையாளமிட்டு அவர்களைத் துரத்தியது. பல நாடுகள் கூடி உதவி செய்து, ஈராக் சேனை 2017-ல் அந்தப் பட்டணத்தை மீட்டது. அந்தப் பட்டயம் தேவையாயிருந்தது. ஆனால் அதற்கு முந்தின கதையும் உண்டு. 2003-ல் அந்நியச் சேனை அந்தத் தேசத்தைப் பிடித்து, ஈராக் ராணுவம் முழுவதையும் ஒரே உத்தரவில் கலைத்தது. லட்சக்கணக்கான மனுஷர் சம்பளமில்லாமல், துப்பாக்கியோடு தெருவில் நின்றார்கள். அவர்களில் சில அதிகாரிகள் பின்னாளில் ஐ.எஸ். கூட்டத்துக்கே சேனைத் தலைவரானார்கள். சேபாவைத் தேடிப்போய் ஆபேலை விழுங்கினால், ஒரு சேபாவுக்குப் பதில் நூறு சேபா எழும்புவான்.

நாம் என்ன செய்வோம்?

"ஐ.நா. சபைக்கு நாம் சொல்லி என்ன ஆகப்போகுது பாஸ்டர்?" என்பீர்கள். நம்முடைய மதில் ஓசூரில் இருக்கிறது. சிப்காட் பகுதியில் பீகார், ஒடிசா, அசாம் என்று எத்தனை ஊர்ப் பிள்ளைகள் ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போகிறார்கள்! பேர் என்ன, ஊர் எது, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அறியாத அயலானைப் பார்த்துப் பயம் வரும், அறிந்த அயலான் ஆபத்தில் உதவுவான்.

2023 மார்ச்சில் வடமாநிலத்தாரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, எத்தனை பேர் பயந்து நடுங்கினார்கள்! உறுதியில்லாததை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். மெய்யாகவே சந்தேகமானதைக் கண்டால் மறைக்காமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள், அது காவற்காரனின் கடமை. நம்முடைய வாலிபன் ஒருவன் பகையைப் பேசத் தொடங்கினால், வெளியாருக்குமுன் நாமே அவனைக் கண்டித்துத் திருப்புவோம்.

இந்த மாத உபவாச ஜெபத்தில் மட்டக்களப்பு சீயோன் சபைக் குடும்பங்களுக்காகவும், இன்னும் முழு நியாயம் கேட்டு நிற்கிறவர்களுக்காகவும், தேசங்களின் தலைவர்களுக்கு மதிலின் சத்தத்தைக் கேட்கும் செவி உண்டாகவும் ஜெபியுங்கள்.

இப்போது நம்முடைய சபைக் கேட்டைப் பகலில் பூட்டுவதில்லை. வாசலில் ஒரு சகோதரன் நிற்கிறார், வருகிற பையையும் பார்க்கிறார், வருகிற மனுஷனுக்கு வணக்கமும் சொல்லுகிறார். இரண்டும் வேண்டும். போன மாதம் கேட்டின் கீல் தேய்ந்து சத்தம் போட்டது. பாய்தான் வந்து சரிபண்ணிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

சமாதானத்தின் தேவன் உங்கள் அனைவரோடும் இருப்பாராக. ஆமென்! மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன், ஓசூர்