ஆவுளியாவும் ஓர் உம்மத்தே!

அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜும்ஆவின் சகோதரர்களே!

அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், தொண்டி, கீழக்கரை என நம் சமுதாயம் தலைமுறை தலைமுறையாக வாழும் கரைகளுக்கு எதிரே ஓர் உயிரினம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதுதான் ஆவுளியா என்னும் கடல் பசு. இந்தியக் கடல்கள் முழுவதிலும் சுமார் 240 ஆவுளியாக்களே இருப்பதாக அரசு மதிப்பிட்டுள்ளது. அவற்றில் பெரும்பாலானவை நம் கடலில்தான் வாழ்கின்றன.

இது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். கடற்புல்தான் இதற்கு உணவு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத் திணறி இறந்துவிடும். இழுவை மடி கடற்புல்லை அரித்துவிட்டால் பட்டினிதான்.

சகோதரர்களே! பூமியில் நடமாடும் உயிரினங்களும் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற உம்மத்துகளே என்று அல்லாஹ் திருக்குர்ஆனில் (6:38) அறிவிக்கிறான்.

"கடலில் உள்ளது ஹலால்தானே, பிடித்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நன்கு சிந்தியுங்கள். உண்ண அனுமதி இருப்பது வேறு. ஒரு படைப்பையே இல்லாமல் ஆக்குவது வேறு. முற்காலத்தில் ஒரு நபியை ஓர் எறும்பு கடித்தது. அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். ஓர் எறும்புக்காக, தன்னைத் துதிக்கும் ஓர் உம்மத்தையே எரித்ததை அல்லாஹ் கண்டித்தான். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. எறும்புக் கூட்டத்திற்கே இந்தக் கேள்வி என்றால், ஆவுளியாவைப் பற்றி நாளை மறுமையில் நம்மிடம் கேட்கப்படாதா?

நாட்டின் சட்டமும் இதை வேட்டையாடத் தடை விதித்துள்ளது. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பு கடல் பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் கரையில் வாழ்பவர்கள் நாம்.

வலையில் ஆவுளியா உயிருடன் சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடுங்கள். அப்படி விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி வழங்கியிருக்கிறது. வலையின் நஷ்டம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவத்தை மன்னித்த ரப்பிடம் உங்கள் வலையின் கூலி வீணாகுமா? கடலுக்குப் போகாதவர்களே! திருட்டுத்தனமாக வரும் இறைச்சியை வாங்காதீர்கள். வாங்குபவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை.

அல்லாஹ்வின் அமானிதங்களைப் பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.