பார்த்த கண்ணுக்கு ஒரு கடமை

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. அகமதாபாத்தில் மதியம் ஒன்றரை மணி தாண்டியிருந்தது. லண்டனுக்குக் கிளம்பிய விமானம், மேலே எழும்பிய அரை நிமிடத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். கீழே இருந்தவர்களிலும் 19 பேர் இறந்தனர். உணவுக்கூடத்தில், பாதி சாப்பிட்ட தட்டுகள் அப்படியே கிடந்தன.

அக்கம்பக்கத்தில் வேலையில் இருந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். கைவேலையைப் போட்டுவிட்டு உதவிக்கு ஓடியவர்கள் பலர். நாமோ வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன சொன்னோம்? 'எல்லாம் அவங்கவங்க கர்மவினை' என்றோம். பிழைத்தவரைக் காட்டி, 'கடவுள்தான் காப்பாத்தினார்' என்றோம்.

சற்றே யோசியுங்கள், சகோதரிகளே! ஒருவரைக் காப்பாற்றியது கடவுள் என்றால், மற்றவர்களைக் கைவிட்டது யார்? பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இப்படிக் கேட்டால், நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? அவளும் நம்மைப் போல விளக்கேற்றிக் கும்பிட்டவளாக இருக்கலாம் அல்லவா?

கர்மவினை என்பது, நமக்கு வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்ளப் பெரியவர்கள் கொடுத்த ஊன்றுகோல். அதை எடுத்து அடுத்தவரை அடிக்கலாமா? உயிர் பிழைத்தவர் இறைவனுக்கு நன்றி சொல்லட்டும். அது அவர் உள்ளம். பார்த்துக்கொண்டிருந்த நாம் தீர்ப்புச் சொல்வது தகாது.

சீதாதேவியை ராவணன் தூக்கிச் சென்றதைப் பார்த்த ஜடாயு, 'இது அவள் விதி' என்று சும்மா இருந்துவிடவில்லை. தள்ளாத வயதிலும் போராடி, சிறகு வெட்டுண்டு விழுந்தார். ராமபிரானும், 'இது இவர் வினை' என்று தாண்டிப் போகவில்லை. பெற்ற தந்தைக்குச் செய்வதுபோல ஈமக்கடன் செய்தார். வைத்தீஸ்வரன்கோவில் ஜடாயு குண்டத்தில் திருநீறு எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறோமே... அந்தத் திருநீறு சொல்லும் பாடம் இதுதான்.

தர்ப்பணத்தின் முடிவில், தாய், தந்தை, சுற்றம் என்று யாருமே இல்லாதவர்களுக்காகவும் நீர் விடுகிறார்கள். முகம் தெரியாதவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதே அதன் பொருள்.

ஏன் நடந்தது என்பதை ஆண்டவன் அறிவான். இனி இதுபோன்ற செய்தி வந்தால், செல்போனில் வரும் கோரக் காட்சிகளை நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். இறந்தவர்களுக்காக ஓர் அகல் விளக்கு ஏற்றுங்கள். பக்கத்துத் தெருவில் துக்கம் என்றால், அங்கே போய் விதியைப் பற்றிப் பேசாதீர்கள். அருகில் உட்காருங்கள். ஒரு வேளை சமைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அதுவும் பூஜைதான்!