பையின் மறுபாதி

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கொழும்பில் முப்பது டிகிரி அடித்தால், 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் பதினெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் இன்னும் இறங்கும். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் குளிருக்குத் துணி எடுத்து வைப்பது பெரிய வித்தை இல்லை. கனத்த கோட்டு ஒன்றைவிட மெல்லிய துணிகள் மூன்று மேல். உடம்பைக் காப்பாற்றுவது துணிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான்.

ஜனவரியில் நானும் கணவரும் ஹைதராபாத் கொண்டாப்பூரிலிருந்து இலங்கைக்குக் கிளம்புகிறோம். கொழும்பு, கண்டி, சிவனொளிபாத மலை, நுவரெலியா, கடைசியில் யாழ்ப்பாணம். சிவனொளிபாத மலைக்கு 2243 மீட்டர் உயரம். இரவெல்லாம் படியேறி விடியும்போது உச்சியைச் சேர்வது அங்கே வழக்கம். ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்தித் துணி, மேலே போய் உட்கார்ந்ததும் ஐஸ் மாதிரி முதுகில் ஒட்டும். அதனால் மாற்றிக்கொள்ள ஒன்று, மேலே போட மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்த பிறகும் ஈரமாகத் தெரியாது. ஆட்டுக்கு நன்றி.

இந்த மலைகளுக்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் போனவர்கள் நம்மவர்கள். 1820களில் தொடங்கி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மாண்டவர்கள் ஏராளம். மிஞ்சி மேலே போனவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு கம்பளி கிடைக்கும். அதன் விலை கூலியில் பிடித்தம். 2023-ல் இருநூறாண்டு நினைவாக அவர்களுடைய வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். கட்டில்மேல் மூன்று அடுக்குத் துணியைப் பரப்பி வைத்துக்கொண்டு டிகிரிக் கணக்குப் போடுகிற எனக்கு இதை நினைத்தால் கொஞ்சம் கூசுகிறது.

ஆனால் பையில் பாதிதான் குளிருக்கு. மறுபாதி வாசற்படிகளுக்கு. அதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது.

கண்டியின் புத்தர் கோவிலான தலதா மாளிகைக்குள் போக வேண்டுமானால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். வெள்ளை உடுத்தினால் இன்னும் நல்லது. அங்கிருந்து வடக்கே யாழ்ப்பாணம் போனால் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே கால் வைக்க முடியாது. ஒரே தீவில், பஸ்ஸில் ஒரு பகல் தூரத்தில், மரியாதை தலைகீழாகிவிடுகிறது. கண்டியில் அவமரியாதையாக இருந்த வெற்று மார்பு நல்லூரில் பக்தி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தலதா மாளிகைக்கு உள்ளேயே பூசை நேரத்தில் மேளம் அடிப்பவர்கள் வெற்று மார்போடுதான் நிற்பார்கள். மூடச் சொல்வது வருகிறவர்களை மட்டும்.

கணவருக்கும் எனக்குமாகத் துணிகளை இரண்டு குவியலாகப் பிரித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தென்னாட்டுக் கோவில்கள் பல ஆணிடம் கழற்றச் சொல்கின்றன. பெண்ணிடம் போர்த்தச் சொல்கின்றன. கழற்றுவதற்கு எடை கிடையாது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் ஆணுக்கு ஒரு வேட்டி போதும், வேலை முடிந்தது. அங்கே 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி, பெண்கள் சுடிதாரோடு வரலாம் என்றார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆக, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஏற்கெனவே மூடியிருக்கும் சுடிதாருக்கு மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதே ஆண்டு ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டுக் கோவில்களிலும் ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கூடாது என்று நீதிமன்ற உத்தரவுப்படி பலகை மாட்டினார்கள். சில வாரங்களிலேயே அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அதை நிறுத்தி வைத்தது. பலகைகள் எல்லாம் இறங்கிவிட்டன என்று சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் தொன்றுதொட்டு வந்த முறை என்று சொல்பவர்கள் திருவிதாங்கூரின் கதையை ஒரு தரம் படிக்க வேண்டும். அங்கேதான் நாடார் பெண்கள் மேலே துணி போட்டதற்காக அடி வாங்கினார்கள். பல ஆண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859-ல் மன்னரின் அறிவிப்பு வந்துதான் அவர்கள் மார்பை மூடிக்கொள்ள முடிந்தது; அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மேலே இருப்பவர் முன் உடம்பைத் திறந்து காட்டுவது அன்றைக்குப் பணிவின் அடையாளம். ஆண்டவன் சந்நிதியில் ஆண் சட்டையைக் கழற்றுவதில் இருப்பதும் அந்தப் பணிவுதான். ஆனால் அவன் தானே விரும்பித் தெய்வத்துக்கு முன் கழற்றினான். அந்தப் பெண்களை மனிதருக்கு முன் கழற்ற வைத்தார்கள். இன்று மூடச் சொல்லும்போதும் நான் கேட்க விரும்புவது அதைத்தான். யாருக்கு முன்னால்? எவ்வளவு நேரத்துக்கு?

கண்டிக்கு அதற்குப் பதில் சுலபம். நான் விருந்தாளி, இரண்டு மணி நேரம். யாரோ ஒருவர் புனிதம் என்று நினைக்கும் இடத்துக்கு, அவர் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் நானாகப் போகிறேன். அவர் சொல்லும் துணியைப் போர்த்திக்கொள்வதில் என் சுதந்திரம் ஒன்றும் தேய்ந்துவிடாது. அம்ரித்சர் பொற்கோவில் வாசலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டபோதும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

சிக்கல் அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டாப்பூரில் இருக்கிறது.

கொத்தகூடா சந்திப்பிலிருந்து கச்சிபௌலி வரை, டிராவல்ஸ் பஸ்ஸுக்காகச் சக்கரப் பெட்டியோடு காத்திருக்கும் பெண்களை அந்நேரம் பார்க்கலாம். இங்கே தெருவுக்குத் தெரு பி.ஜி. விடுதி; அத்தனையிலும் ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பிள்ளைகள். எங்கள் எதிர் விடுதிப் பெண்ணுக்கு ஊர் சிவகாசிப் பக்கம். பஸ் ஏறும்போது ஜீன்ஸ், ஊரில் இறங்கும்போது சுடிதார். நடுவில் எங்கே மாற்றுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“கடைசியா டீக்கு நிப்பாட்டுற எடத்துல, ஆன்ட்டி. பாத்ரூம் நல்லா இருந்தா மாத்திக்குவேன். இல்லன்னா ஜீன்ஸ் மேலயே ஒரு லாங் டாப், துப்பட்டா.”

“வீட்ல தெரியாதா?”

“அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். தெருவுக்குத்தான் தெரியக் கூடாது.”

அந்தப் பெண் போவது பிறந்த வீட்டுக்கு. ஆனால் பை என்னவோ அயல்நாட்டுக்குக் கட்டுவது போலத்தான். கண்டி என்னிடம் கேட்பது இரண்டு மணி நேரம். அவளுடைய தெரு அவளிடம் கேட்பது முழு ஆயுசையும். அவளுக்கு இதில் ஆத்திரம் இருப்பதாகவும் தெரியவில்லை, பழகிவிட்டது. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் கட்டிய பையும் இதேதான், சக்கரம் மட்டும் கிடையாது.

அவள் அலுவலக நாற்காலியில் ஒரு சால்வை நிரந்தரமாகத் தொங்குமாம். வெளியே மே மாதத்து நாற்பது டிகிரி, உள்ளே ஏ.சி.யில் விறைப்பு. 1960களில் வகுத்த அலுவலகக் குளிர்ச்சிக் கணக்கு, எழுபது கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணின் உடல் சூட்டை வைத்துப் போட்டது என்று 2015-ல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் டச்சு ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். குளிராவது ஆண் பெண் பார்க்காது என்று நினைத்திருந்தேன். அதற்கும் ஒரு சால்வை.

இப்போது என் குவியலில் இருப்பவை: கண்டிக்கு வெள்ளைப் பருத்திப் புடவை ஒன்று, நல்லூருக்குக் கைத்தறிப் புடவை ஒன்று, சுடிதார், துப்பட்டா, சால்வை, ஸ்வெட்டர். கணவர் குவியலில் வேட்டி, இரண்டு பேன்ட், சட்டைகள், ஒரு ஜெர்கின். அவர் பையைத் தூக்கிப் பார்த்தேன், கைப்பை மாதிரி இருந்தது. என் இரண்டு புடவையையும் சால்வையையும் அதில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

“என் பையில எதுக்கு?” என்றார்.

“நல்லூர்ல உங்களுக்குச் சட்டையே வேண்டாம். அந்த எடத்துல இது இருக்கட்டும்.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சட்டைகளில் ஒன்றை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.