ஆகாயத்தில் யாருக்குப் பங்கு?

"தாத்தா, ஆச்சி பாக்கலையே!"

என் பேத்தி இப்படிச் சொன்னபோது அவளுக்கு ஏழு வயது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி, மாலை ஆறு மணி நான்கு நிமிஷம். சந்திரயான்-3 நிலாவின் தென் துருவத்துக்கு அருகே பத்திரமாக இறங்கிய வேளை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மகன், மருமகள், பக்கத்து வீட்டார் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம். எனக்குக் கண்ணில் நீர்கூடத் துளிர்த்துவிட்டது. குழந்தை மட்டும் கூடத்தில் ஒரு தலை குறைவதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆச்சி அடுக்களையில் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்துக்கு முன்னால் காப்பி கேட்டவன் வேறு யாருமில்லை, நான்தான்!

"நீங்கல்லாம் பாத்தியள்லா, அது போதும்" என்று என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆகாயத்தின் மேல் எனக்குச் சிறு வயது முதலே தீராத காதல். அந்தக் காதலைக் குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டவன் என்று இத்தனை காலமும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் பகிர்ந்தேனா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்ததும் பழைய கணக்குகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

முதல் கணக்கு 1969-ஆம் ஆண்டு ஜூலை 21. மனிதன் முதன்முதலாக நிலாவில் கால் வைத்தபோது நம் ஊர்க் கடிகாரத்தில் காலை மணி 8.26. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் புறப்படுகிற நேரம். அடுப்படியில் இருக்கிற பெண்ணுக்கு மூச்சுவிட அவகாசம் இல்லாத நேரம். எனக்கு அப்போது வயது பதினான்கு. எதிர் வீட்டு ரேடியோவுக்கு முன்னால் தெருவே கூடியிருந்தது. செய்தி கேட்டுவிட்டு, ஏதோ நானே நிலாவுக்குப் போய் வந்தவன் போல வீட்டுக்குள் நுழைந்தேன். இட்லிக் கொப்பரையின் முன் நின்ற என் அக்கா, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆவலோடு கேட்டாள்: "என்னலே சொன்னாங்க?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன்.

அக்கா வகுப்பில் விஞ்ஞானத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவளுக்குப் புரியாது என்று நான் சொன்னேன்! அவள் ஒன்றும் பேசவில்லை. கொப்பரையைத் திறந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

ஐம்பது ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, 2019 ஜூலை 22-ல் சந்திரயான்-2 புறப்பட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வனிதா முத்தையா என்ற தமிழ்ப் பெண்மணி. பத்திரிகையில் அவருடைய படத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதைக் காட்டி மன்னிப்புக் கேட்க அக்கா அப்போது இல்லை.

இரண்டாவது கணக்கு என் மகனுடையது. 1986 மார்ச்சு மாதம் ஹாலி வால் நட்சத்திரம் வந்தது. எட்டு வயதுப் பையனை விடியற்காலம் நான்கு மணிக்கு எழுப்பிக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஹாலி யார், அவர் எப்படிக் கணக்கிட்டார், எழுபத்தாறு ஆண்டுக் கணக்கு எப்படி வந்தது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பையன் தூங்கி விழுந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சென்ற ஆண்டு அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவன் அமைதியாகச் சொன்னான்: "வால் நட்சத்திரம் ஞாபகம் இல்லப்பா. நீங்க ஏசினதுதான் ஞாபகம் இருக்கு."

அந்த வால் நட்சத்திரம் மறுபடி வர 2061 ஆகும்.

ஆக, ஒருத்திக்குக் கொடுக்காமல் தவறு செய்தேன். இன்னொருவனுக்குத் திணித்துத் தவறு செய்தேன். பார்ப்பதற்கு இவை எதிர் எதிரான குற்றங்கள். யோசித்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இரண்டு தடவையும் ஆகாயத்தை என் சொத்தாக நினைத்தேன். சொத்து என்று நினைத்தவன், பிரியப்பட்டால் பூட்டி வைப்பான். பிரியப்பட்டால் தானம் செய்வான். இரண்டிலும் அவன்தான் எஜமான்.

அப்படியானால் பகிர்ந்துகொள்வது என்பதுதான் என்ன? "எல்லோருக்கும் எல்லாம் பிடிக்க வேண்டுமா? வீட்டில் ஒருவருக்கு நட்சத்திரம், ஒருவருக்குச் சங்கீதம், ஒருவருக்குச் சமையல், இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், பிடிக்கவில்லை என்று ஒதுங்குவது வேறு. பிடிக்கிறதா என்று பார்க்கவே நேரம் கிடைக்காமல் போவது வேறு. என் அக்கா ஒதுங்கியவள் அல்லள். அவளை ஒதுக்கி நிறுத்தியது அடுப்பு.

இதற்கு விடை எங்கள் ஊர்க் கடலிலேயே இருக்கிறது. இந்தக் கரையில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-ல். அதற்கு முன் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் ஒரு கல்லின் துணையோடு, மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குப் போய் வந்தார்கள். காற்றில்லாத, இருண்ட, வேறோர் உலகம் அது. அவ்வளவு பெரிய சாகசத்துக்கும் ஆதாரம் ஒரு கயிறு. தோணியில் நிற்கிற ஒருவன் அதன் மறுமுனையைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்த மாத்திரத்தில் மேலே இழுக்க வேண்டும். ஒரு நொடி கவனம் பிசகினால் உயிர் போய்விடும். கயிறு பிடிக்க மனைவியின் சகோதரனைத்தான் நம்புவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தன் சகோதரி தாலி இழக்க அவன் சம்மதிப்பானா?

முத்தெடுத்தவனைப் புகழ்ந்தோம், கயிறு பிடித்தவனை யார் நினைத்தோம்? ஆனால் தோணியில் இருந்தவர்கள் அறிவார்கள், அவனும் அந்தத் தொழிலில் பங்காளி என்று. குடும்பத்திலும் ஒருவன் அண்ணாந்து பார்க்க வேண்டுமானால் இன்னொருவர் பாலைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது தவறில்லை. கயிறு எப்போதும் ஒரே கையில் இருப்பதுதான் தவறு.

வீட்டுக்குச் சொன்னது நாட்டுக்கும் பொருந்தும். எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2,200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். காரணம் எளிது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் செலவாகும். ஐந்நூறு கிலோவைத் தூக்குகிற சிறிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான்.

முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் குடும்பம் குடும்பமாக வேஷம் கட்டி வருகிற ஊர் அது. ராக்கெட் பார்க்கவும் குடும்பங்கள் வரத்தான் போகின்றன. ராக்கெட் ஏவும் நாளில் அதன் பாதையிலுள்ள கடலுக்குப் படகுகள் போகக் கூடாது. நாம் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிற அந்த நாழிகையில், ஒரு மீனவக் குடும்பம் தன் ஒரு நாள் வரும்படியை விட்டுக்கொடுத்திருக்கும். தும்பாவில் மீனவ மக்கள் தங்கள் மாதா கோயிலையே கொடுத்தார்கள். அதன் பிறகுதான் 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பிற்று. அவர்களும் கயிறு பிடித்தவர்கள்தாம். கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் செயற்கைக்கோளால் அறிந்து, மீன் கூடும் இடத்தை இன்று மீனவருக்குச் சொல்கிறார்கள். நல்ல காரியம். கைம்மாறு அதோடு தீர்ந்தது என்று நினைக்காமலிருந்தால் இன்னும் நல்லது.

சென்ற மார்கழியில் ஒரு நாள், குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனோம். பிளாஸ்கில் காப்பி போட்டு எடுத்து வந்தவன் நான். அது சுமார்தான் என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. வழக்கம்போல் வாயைத் திறக்கப் போனவன், அக்காவை நினைத்து மூடிக்கொண்டேன்.

இரவு மணி ஒன்பது இருக்கும். என் மனைவி தென்கிழக்கே கடலுக்கு மேல் பளிச்சென்று நின்ற ஒரு நட்சத்திரத்தைக் காட்டிப் பேத்தியிடம் சொன்னாள்: "அதோ பாரு, அகத்தியரு. எங்க அப்பா தோணியில போனவுகல்லா, அவுக காட்டித் தந்தாக."

நான் திடுக்கிட்டேன். 1964-ல் செவ்வாயை நோக்கிப் புறப்பட்ட மாரினர்-4 விண்கலம், தன் நிலை தடுமாறாமல் இருக்கக் குறி வைத்துக்கொண்டதும் இதே நட்சத்திரத்தைத்தான். புத்தகத்தில் படித்து நான் அறிந்ததை அவள் தகப்பனாரின் விரலைப் பார்த்து அறிந்திருக்கிறாள். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை!

"இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்க எங்க பேச விட்டிய?" என்றாள் அவள்.

பேத்தி எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. ஆச்சியின் விரல் காட்டிய திசையில் அவள் அகத்தியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லோருக்கும் இன்னொரு முறை காப்பி ஊற்றினேன்.