மலையும் மாநாடும்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையில் நின்று பார்த்தால் சேலம் நகரம் இரவில் ஒரு விளக்குக் கோலமாகத் தெரியும். அங்கே எந்தத் தெருவில் யார் வழி தெரியாமல் நிற்கிறார்கள், எந்தத் தாய் பிள்ளைக்குத் தண்ணீர் தேடுகிறாள் என்பதெல்லாம் அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது.

ஊரில் அரசியல் மாநாடு என்றதும், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலைக்கு ஏறிவிடலாம் என்று வசதியுள்ளவர் நினைப்பது இயல்பு. "அழைத்தது ஒரு கட்சி. நமக்கென்ன கடமை?" என்பது அவர் வாதம்.

ஆனால், விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். அழைக்காமலே வாசலில் வந்து நிற்கும் புதியவனும் விருந்தாளிதான். அவன் கொள்கை பிடிக்கவில்லையென்றால் மறுக்க நம்மிடம் வாக்கு இருக்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவனிடமா அதைக் காட்டுவது?

1944 ஆகஸ்ட் 27-இல் சேலத்தில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. அதிலிருந்து 1949-இல் பிரிந்த தி.மு.க., 1967-இல் ஆட்சிக்கு வந்தது. அன்று மலைமேல் இருந்தவருக்கு அது கீழே எங்கோ கேட்ட இரைச்சல். ஆயினும் அதன் விளைவு, விரும்பியவர் விரும்பாதவர் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. மாநாட்டிலிருந்து விலகலாம், விளைவிலிருந்து விலக முடியுமா?

2024 ஜனவரி 21-இல் அதே மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்தில் தி.மு.க. இளைஞரணி மாநாடு நடந்தது. இத்தகைய நாட்களில் ஊரார் அறிய வேண்டியவை எளியவைதாம். எந்தச் சாலை அடைபடும், மருத்துவமனைக்கு மாற்று வழி எது என்று முன்னதாகவே கேட்டு வைப்பது. நோயாளிக்கு மருந்தும் குழந்தைக்குப் பாலும் முதல்நாளே வாங்கிவிடுவது. வெளியூர்க்காரன்தானே என்று இட்லிக்கு இரட்டை விலை சொல்லாதிருப்பது. வந்தவர்களுக்கும் கடமை உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழிவிட வேண்டும். கொடிக்கம்பம் நட்ட குழிகளை மூடிவிட்டுப் போக வேண்டும்.

பூக்காரிக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் மலையேறித் தப்பிக்க வசதியில்லை. கூட்டத்தின் நெரிசலும் குப்பையும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. மறுநாள் மலையிலிருந்து இறங்கி வருகிறவர் காலடியில் தெரு தூய்மையாக இருக்கலாம். அதைப் பெருக்கிய கைகள் யாருடையவை என்று அவர் ஒரு கணமாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.